இரண்டாவது இறக்கம்

பதினொன்று இருபதுக்குச் சண்முகவடிவு கண்ணாடித் திருகைத் திறந்து குழாய்களுக்குள் ஈரத்தை விட்டாள். விட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். இனி அவள் செய்ய ஒன்றுமில்லை, பார்க்க மட்டும்தான். பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் வேதியியல் கட்டடத்து மாடியில் கடைசி அறை. சித்திரை மாதம். பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், வராந்தாவில் ஒரு காலடிச் சத்தம் கிடையாது. ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். காற்று அசைந்தால் மேஜை அசையும், மேஜை அசைந்தால் வில் அசையும். முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. எதிரே தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தலைமயிரைவிட மெல்லிய குவார்ட்ஸ் சுருள்வில் ஒன்று தொங்கியது, வில்லின் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டுப் படலம். இடது பக்கத்தது வெறும் ஜெலட்டின், ஜெல்லி மிட்டாயில் போடுகிறார்களே அதே சரக்கு. வலது பக்கத்தது உப்புக் கலந்த ஜெலட்டின். வெந்நீரில் கரைத்து, உப்பையும் கரைத்து, கண்ணாடிப் பலகையில் ஊற்றி நாலு நாள் உலரவிட்டு, பிளேடு நுனியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தெடுத்தது. கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அது காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும், கனத்தால் வில் நீளும். எவ்வளவு நீண்டது என்று இரண்டு முழம் தள்ளி நிற்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்குள் அவளுடைய ஏழு வருஷம் போயிருக்கிறது.

முதல் அரைமணி நேரம் படலம் அவசரமாகத்தான் குடித்தது, எப்போதும் அப்படித்தான். வெயிலில் நடந்து வந்தவர்கள் சொம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுபோல. தொலைநோக்கிக்குள் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அதனால் கீழே இறங்கும் படலம் அவள் கண்ணுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் இது தலை சுற்றும், இப்போது பழகிவிட்டது, சில நாள் தெருவில் போகிறவர்கள்தான் தலைகீழாக நடக்கிறார்களோ என்று தோன்றும். முப்பத்தொன்பது மில்லிமீட்டர். நாற்பது புள்ளி ஆறு. நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. வேகம் குறைந்தது. பன்னிரண்டு இருபதுக்கு நாற்பத்தொன்று புள்ளி மூன்று ஏழு. பன்னிரண்டு முப்பதுக்கும் அதே மூன்று ஏழு. நின்றுவிட்டது. இங்கேதான் எல்லோரும் நோட்டை மூடுகிறார்கள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஞானதிரவியம் மூடியிருக்கிறார், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் மூடியிருக்கிறார்கள், அவளும் இத்தனை வருஷம் மூடினாள். ஒரு மணி நேரத்தில் நிற்கும், நின்ற இடத்தை எழுதி அடுத்த ஈரத்துக்குப் போகலாம். பதினைந்து நாள் முன்னால் ஒருநாள் பல்வலி. மாத்திரை வாங்க ஹைகிரவுண்டு மருந்துக்கடை வரைக்கும் போனவள் திருகை மூட மறந்துபோய், திரும்பி வந்து சும்மா கண்ணை வைத்துப் பார்த்தால், உப்புப் படலம் நின்ற இடத்தில் இல்லை. கீழே போயிருந்தது. அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்றால் அந்தப் படலத்துக்கு அது ஒரு கிணறு. அன்றைக்கே ஞானதிரவியத்திடம் போய்ச் சொன்னாள்.

"சார், ரெண்டு மணி நேரத்துக்கு மேல மறுபடி இறங்குது."

"எது?"

"உப்புப் படலம் சார். நின்னுட்டுது, அப்புறம் தானா இறங்குது."

"வில் தளர்ந்திருக்கும்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான இருக்கு, அதிர்வு வேற. அந்த ரெண்டு புள்ளிய விட்ருங்க. வளைகோடு எவ்வளவு அழகா வந்திருக்கு, ஏன் கெடுக்கணும்?"

விட்டுவிட்டாள். இரண்டு புள்ளிதானே. ஆய்வேட்டை அடித்து முடித்தாயிற்று, நாலு பிரதி, பையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள், இன்று புதன். நாலு மணிக்குக் கல்லூரி வளாகத்திலேயே இருக்கும் சார் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த அழகான வளைகோட்டின் மேல்தான் நிற்கிறது. பிறகு எதற்காக இன்றைக்குக் காலை ஏழு மணிக்கே வந்து இரண்டு வில்லையும் மாட்டி, பம்பு வைத்துக் குழாயைக் காலிசெய்தாள்? யாரும் கேட்கவில்லை. குழாயைக் கழுவி வைக்கத்தான் வந்தேன் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது அவளுக்கே பொய்யாகப் பட்டது. வில் தளர்ந்தால் இரண்டும் தளர வேண்டும், பஸ் அதிர்ந்தால் இரண்டும் அதிர வேண்டும், அதற்குத்தான் இடது பக்கத்து வெறும் ஜெலட்டின். அது அசையாமல் இது மட்டும் இறங்கினால்? இறங்கக் கூடாது. இறங்கவில்லை என்றால் நாலு மணிக்கு நிம்மதியாகப் போகலாம். முப்பிடாதி அம்மனே, இறங்கக் கூடாது. பன்னிரண்டு ஐம்பது, மூன்று ஏழு. இடது முப்பத்தெட்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. ஒரு மணி, மூன்று ஏழு.

மூன்று ஏழு, மூன்று ஏழு. எண் நாக்கில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு அவள் வயதும்தான், ஆவணியில் முடிகிறது. நின்றுவிட்டது என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. நிற்பதில்தான் எத்தனை. மழை நின்றால் நல்லது, நெஞ்சு நின்றால் கெட்டது, கரு நின்றால் வீடே சிரிக்கும். இரண்டு தடவை நிற்கவில்லை. முதல் தடவை மூன்றாம் மாதம், இரண்டாம் தடவை ஐந்தாம் மாதம். "நிக்கல" என்று டாக்டரம்மா ஒரே சொல்லில் சொன்னதும், புருஷன் கணேசமூர்த்தி வெளியே போய் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதும், நிற்கவில்லை என்று கேட்டவன் நின்றுகொண்டே இருந்ததும். இருபதாம் நாள் அவள் இந்த அறைக்குத் திரும்பி வந்தாள். வில்லை மாட்டினாள், ஈரத்தை விட்டாள். எவ்வளவு பொறுமையாக அந்தப் படலம் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டது! ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், ஒரு சத்தம் இல்லாமல். அன்றைக்கு அதைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வந்தது. ஒரு துண்டு ஜெலட்டின்மேல் பொறாமைப்பட்டேன் என்று யாரிடம் சொல்ல முடியும். மாமியாரிடமா? ஒன்று பத்து. மூன்று ஏழு.

கதவு தட்டும் சத்தம். ஆய்வகத்து உதவியாளர் சுடலைமுத்து, தாத்தா ஆகப்போகிற மனிதர், வெளியே நின்றபடியே குரல் கொடுத்தார்.

"டீச்சர், சாப்பிடலியா? மணி ஒண்ணே கால் ஆவுது."

"வேண்டாம் அண்ணே. கதவத் தொறக்காதீங்க, காத்து வரும்."

"தொறக்கல. ரெண்டு மணிக்குக் கரண்டு போவும்னு சொல்லுதாவ. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கரண்டு போனால் தொட்டி ஆறும். தொட்டி நாற்பது டிகிரியில் நிற்க வேண்டும், கால் டிகிரி குறைந்தாலும் குழாய்க்குள் ஈரம் மாறிவிடும், பிறகு எது இறங்கினாலும் அதற்கு அர்த்தம் இல்லை. அர்த்தம் இல்லாமல் போனால் நல்லதுதானே, வடிவு? நாலு மணிக்குப் போகலாமே? ஆனால் வாய் அதற்குள், "அண்ணே, பக்கத்து அறையில அடுப்பப் பத்தவச்சு ரெண்டு பீக்கர் தண்ணி காயப்போடுங்க, போச்சுன்னா ஊத்திச் சமாளிப்போம்" என்று சொல்லிவிட்டது. மனசு ஒன்று நினைக்க வாய் வேறு சொல்கிறது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இறங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட அதே ஆள் உள்ளே வேறெங்கோ உட்கார்ந்து, இறங்கு இறங்கு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

தூத்துக்குடியில் அம்மாவுக்கும் இதே பயம்தான், வேறு மாதிரி. அம்மா இசக்கி இருபத்தெட்டு வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். பாத்தியில் தேங்கிய தண்ணீர்மேல் விடியற்காலம் ஆடைபோல ஒரு பொருக்கு மிதக்கும், உப்பு அப்படித்தான் முதலில் வரும். தண்ணீரை விட்டுப் பிரிய மனசில்லாமல், மேலேயே மிதந்துகொண்டு. அம்மா கம்பால் தட்டினால் உடைந்து கீழே போகும். வானம் கறுத்தால் போதும், "மழவாசம் அடிக்கா பாரு ஏட்டி" என்று பத்து வயது வடிவை மேட்டில் ஏறச் சொல்வாள். ஒரு மழை போதும், இருபது நாள் வேலை கரைந்து தண்ணீரோடு தண்ணீராய்ப் போகும். அம்மாவின் குதிகால் வெடிப்பில் விரல் நுழையும். அந்த வெடிப்பை வடிவு அழகாகவெல்லாம் நினைத்தது கிடையாது, பயந்துதான் படித்தாள். ஆராய்ச்சி என்று ஆரம்பித்தபோது, "என்னத்தளா பாக்க?" என்று அம்மா கேட்டாள். உப்பு எப்படித் தண்ணி குடிக்குதுன்னு பாக்கேம்மா. "அதுக்கா இத்தன வருசம்? அடமழையில உப்பு ஜாடியத் தொறந்து பாரு, தெரியும்." சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அப்படியில்லம்மா, அடமழையில குடிக்கும். காத்து இவ்வளவு காஞ்சு இருந்தா உப்பு குடிக்காது, பத்து வருசம் வச்சாலும் உலந்தே கிடக்கும். இப்போது குழாய்க்குள் இருப்பது அப்படிப்பட்ட காற்றுதான். ஈரம் நூற்றுக்கு அறுபது. தனி உப்பு இதில் ஒரு துளி வாங்காது. தனி ஜெலட்டின் வாங்குகிற வரைக்கும் வாங்கி நின்றுவிடும், இதோ இடது பக்கத்தில் நிற்கிறது, முப்பத்தெட்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது. வலது மூன்று ஏழு. விளக்கு ஒருமுறை மங்கியது. பக்கத்து அறையில் சுடலைமுத்து, "ஐயோ" என்றார். மறுபடி பிரகாசமானது. தொட்டி வெப்பமானியில் பாதரசம் நாற்பதிலேயே இருந்தது. அவள் கழுத்திலிருந்து ஒரு வியர்வை இறங்கி மார்புக்கு நடுவில் போவதை அவளால் தடம் பிடிக்க முடிந்தது. உப்பும் தண்ணீரும். நானும்கூட உப்பும் தண்ணீரும் கொஞ்சம் ஜெலட்டினும்தான், எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் வேறென்ன இருக்கிறது. இரண்டு மணி. கரண்டு போகவில்லை. மூன்று ஏழு.

இரண்டு பத்துக்கு நாற்பத்தொன்று புள்ளி மூன்று எட்டு.

கண்ணை எடுத்தாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள். மூன்று எட்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அது கண்ணின் பிழை, இமைத்தால் வருவது. நான் ஆசைப்படுகிறேன், அதனால் தெரிகிறது. எழுதாதே. எழுதினாள். அடுத்த பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றாள். முள் நகர்கிற சத்தம் கேட்டது, அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே இதுவரை தெரியாது. இரண்டு இருபது. நான்கு பூஜ்யம். இடது பக்கம்? முப்பத்தெட்டு புள்ளி பூஜ்யம் இரண்டு, கல்லைப்போல. இரண்டு முப்பது, நான்கு ஆறு. இடது, பூஜ்யம் இரண்டு. இப்போது எண் வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிந்தது. தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிக்குமேல் படலத்தின் விளிம்பு மெள்ள, மிக மெள்ள, யாரும் தள்ளாமல், போய்க்கொண்டிருந்தது. கைகால் எல்லாம் மயிர் எழும்பி நின்றது. அந்த அடைத்த அறையில், அந்த வேக்காட்டில், அவளுக்குக் குளிர்ந்தது. ரெண்டு மணி நேரமா நீ சும்மா நிக்கலையா? நின்னு என்ன செஞ்சுக்கிட்டு இருந்த? உள்ளே பார்க்க அவளுக்குக் கண் கிடையாது, யாருக்குமே கிடையாது. ஆனால் தெரிந்ததுபோல இருந்தது. ஜெலட்டினுக்குள் பின்னிக் கிடக்கும் அந்த நூல்கள், நெருக்கி உட்கார்ந்தவர்கள், முதலில் வந்த ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஒன்று மற்றொன்றிடம் தள்ளி உக்காருங்க தள்ளி உக்காருங்க என்று சொல்லி, இடம் விட்டு, அந்த இடத்தில் உப்பு கட்டியாகச் சேர முடியாமல் தனித்தனியாகப் பிரிந்து, பிரிந்த ஒவ்வொன்றும் தண்ணீரைக் கைகாட்டிக் கூப்பிட்டு. தனியாக இருந்தால் குடிக்காதது. தனியாக இருந்தால் நின்றுவிடுவது. இரண்டும் சேர்ந்து, அதுவும் யாராவது காத்திருந்தால் மட்டும். எத்தனை ஆய்வகங்களில், எத்தனை பேர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போனபிறகு, இது ஆள் இல்லாத அறையில் தன்பாட்டுக்கு நடந்திருக்கும்! இன்றைக்கு இந்த உலகத்தில் இதைப் பார்க்கிற ஒரே ஆள் நான், இசக்கி மகள் வடிவு, பல் ஒன்று சொத்தையான வடிவு. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் தொலைநோக்கியின் கண்ணாடி மங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே!" குரல் பிசிறியது. "சாரைக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க."

"சார் சாப்புட்டுப் படுத்திருப்பாரே டீச்சர்."

"எழுப்புங்க."

கூப்பிட்டபிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. மூடிவிட்டிருக்கலாம். திருகை ஒரு சுற்று, வில்லைக் கழற்றி டப்பாவில் போட்டு, நாலு மணிக்குக் குளித்துப் பூவைத்துக்கொண்டு போயிருக்கலாம். பட்டம் வந்தால் இந்த வருஷமே பதவி உயர்வு. மாமியார் ஏற்கெனவே டாக்டர் மருமகள் என்று தெருவில் சொல்லியாயிற்று. கணேசமூர்த்தி, "இந்தத் தடவை முடிச்சிரு வடிவு, நானும் களைச்சுட்டேன்" என்று நேற்றுச் சொன்னது கோபத்தில் அல்ல, அதுதான் கஷ்டம். இரண்டு நாற்பது, ஐந்து மூன்று. எழுதினாள். அவசரத்தில் மூன்று எட்டுபோல விழுந்தது, அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

ஞானதிரவியம் வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, கன்னத்தில் பாய்த் தடத்தோடு வந்தார். அடுத்த வருஷம் ஓய்வுபெறப் போகிறவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மேஜையில் இடிக்காமல் பக்கவாட்டாக நடந்து வந்தது அந்த அறையில் முப்பது வருஷம் நடந்த நடை. ஒன்றும் கேட்காமல் நோட்டைப் பார்த்தார். விரலை வைத்து வரிசையாக இறங்கினார். பிறகு குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இடது?"

"அசையல சார். பன்னெண்டு அம்பதுல இருந்தே அதே இடம்."

"தொட்டி?"

"நாற்பது. கரண்டு ஒருதடவ மங்குச்சு, ஆனா போகல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். வடிவு திட்டுக்குக் காத்திருந்தாள்.

"அறுபத்து மூணாம் வருஷம்," என்றார், அவளைப் பார்க்காமல். "இதே அறை. சாப்பிடப் போனவன், வீட்டுல விருந்தாளி, மூணு மணி நேரம் கழிச்சு வந்தேன். வந்து பாத்தா கீழ போயிருந்துது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மேஜை விளிம்பைத் தொட்டு, அதிரும் என்று உடனே கையை எடுத்தாள்.

"நோட்டுல வில் தளர்ந்ததுன்னு எழுதி அந்த வரிய அடிச்சுட்டேன். குவார்ட்ஸ் தளராதும்மா. அன்னைக்கும் எனக்கு அது தெரியும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, அதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். அப்புறம் அதையே உங்களுக்கும் சொல்லிக்குடுத்திருக்கேன் பாருங்க."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. இரண்டு பேரும் பஸ்ஸுக்காக அல்ல, வில்லுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். அது தன்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், வெள்ளிக்கிழமை..."

"அந்த ஏட்டுல நான் கையெழுத்துப் போட முடியாது வடிவு."

தெரிந்ததுதான். கேட்டபோது நெஞ்சில் அடி விழுந்ததும் உண்மை, அதே நேரத்தில் பதினைந்து நாளாகத் தோளை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியதும் உண்மை. இரண்டில் எது பெரியது என்று பார்க்க அவளிடம் தொலைநோக்கி இல்லை.

"ஆறு மாசம் நீட்டிப்புக்கு எழுதிக் குடுங்க," என்றார். "நாலாவது அத்தியாயத்தப் பூரா மாத்தணும். அஞ்சும் மாறும்."

"காரணம் என்னன்னு கேப்பாங்க சார்."

"காரணத்த நான் எழுதுதேன். என் பேரப் போட்டு நான் எழுதுதேன்." சொல்லிவிட்டு முக்காலியை இழுத்து அவள் இடத்தில் உட்கார்ந்தார். "நான் வாசிக்கேன், நீங்க எழுதுங்க. மணி என்ன?"

"ரெண்டு அம்பது."

"நாற்பத்தொண்ணு, ஆறு, ஒண்ணு."

எழுதினாள். அவர் குரலில் தூக்கம் முற்றிலும் போயிருந்தது. முதல் வருஷம் பட்டப்படிப்புக்கு வந்தவன் குரல்போல இருந்தது. கண்ணைக் குழாயில் வைத்தபடியே, உதடு மட்டும் அசைய, "எம்மாடி" என்றார், யாரிடமும் இல்லாமல். சுடலைமுத்து கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்து, என்னமோ நல்லதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, காய்ந்த தண்ணீரில் தேயிலையைப் போடப் போனார்.

"இன்னும் எவ்வளவு இறங்கும்னு நினைக்கீங்க?" என்று கேட்டார் ஞானதிரவியம்.

"தெரியாது சார்," என்றாள் வடிவு.

ஏழு வருஷத்தில் அந்த அறையில் அவள் பயமில்லாமல் சொன்ன முதல் தெரியாது அது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை.